கொங்குச் சாப்பாடு என்றால் கோழி வறுவல்தானா? சோளச்சோறும் கம்மஞ்சோறும் எங்கே போயின?

கரட்டுக்காடு:
எல்லோருக்கும் வணக்கம். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் ஊர். மழையை நம்பிய காடு, ஒரு கிணறு, பட்டியில் நாலு மாடு. எங்கள் வீட்டுச் சமையலைப் பேரன் பேத்திகளுக்காக ஒரு நோட்டில் எழுதி வைக்க உட்கார்ந்தேன். கொங்குச் சமையல் என்று எங்கே தேடினாலும் பள்ளிபாளையம் சிக்கன், சிந்தாமணி சிக்கன், நாட்டுக்கோழி வறுவல் என்றே வருகிறது. அவை நன்றாகத்தான் இருக்கின்றன. வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் சேர்த்து, மசாலாத் தூள் இல்லாமல் வறுப்பது நல்ல பக்குவம். ஆனால் அது எங்கள் வீட்டில் அன்றாடம் வட்டலில் விழுந்த சாப்பாடு இல்லை. கோழி அடிப்பதே விருந்தாளி வந்தால்தான்.

மேற்கு மலை மழையைத் தடுத்துவிடுவதால் எங்கள் பக்கம் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல மழை. அந்த மழையில் விளைவது சோளம், கம்பு, கொள்ளு, தட்டப்பயறு, எள், நிலக்கடலை. கொங்குச் சாப்பாடு என்பதே மானாவாரிச் சாப்பாடுதான் என்பது என் கருத்து. உங்கள் வீடுகளில் அன்றாடம் என்ன ஆக்கினார்கள், நோன்பிக்கு (பண்டிகைக்கு) என்ன ஆக்கினார்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். பக்குவமும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

கோபி வாய்க்கால்மேடு:
அண்ணா, கொங்கு முழுக்க வறண்ட காடு என்று எழுதிவிடாதீர்கள். காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. கொடிவேரியில் இருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் பழையவை. எங்கள் ஊரில் நெல்லும் கரும்பும் மஞ்சளும்தான் வெள்ளாமை. எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்திலேயே வீட்டில் நெல்லுச்சோறு. பழையது, மோர், ஒரு கடி சின்ன வெங்காயம், இதுதான் காலைச் சாப்பாடு. இதுவும் கொங்குதானே?

கரட்டுக்காடு:
நீங்கள் சொல்வது சரி. ஆற்றோரத்தைத் தனியாக எழுத வேண்டும். காட்டுச் சாப்பாடு, வாய்க்கால் சாப்பாடு என்று இரண்டு பகுதியாகவே பிரித்துவிடுகிறேன்.

தாராபுரம் அக்கா:
கம்மஞ்சோறு பக்குவம் நான் சொல்கிறேன். இதை எழுதும்போது இடிக்கிற வேலையை விட்டுவிட்டு எழுதாதீர்கள். ஆக்குவது அரை மணி நேரம், இடிப்பதுதான் உயிரை வாங்கும்.

கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறிக் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் உரலில் சப்பென்று ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் உமி கழலாது. கையில் அள்ளி அழுத்திப் பார்த்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, தவிட்டை எடுத்துவிட்டு மறுபடி குத்த வேண்டும். உமி போன கம்பை இன்னொரு தடவை இடித்துச் சலித்தால் மேலே குருணை நிற்கும், கீழே மாவு இறங்கும். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உலை கொதித்ததும் முதலில் குருணை. அது முக்கால் வேக்காடு வந்த பிறகு மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். மாவை முதலில் ஊற்றினால் அடிப்பிடித்துவிடும், குருணையும் வேகாது. கெட்டியானதும் விறகை இழுத்துவிட்டுத் தணலில் மூடி வைத்துப் புழுங்க விட வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துச் சோற்றைத் தொட்டால் கையில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

சூட்டோடு நடுவில் குழி பண்ணிக் கொள்ளுப்பருப்போ கீரைக் கடைசலோ ஊற்றிச் சாப்பிடலாம். மிச்சத்தை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலை மோர் விட்டுக் கரைத்துக் கம்மங்கூழ். காட்டுக்குத் தூக்குப்போசியில் போவது அதுதான். வெயிலில் களை வெட்டிவிட்டு வந்து அதைக் குடித்தால் வேறு எதுவும் வேண்டியதில்லை. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய்.

அரசமரத்து மேடை:
அக்கா, மிக்சியில் போட்டால் வருமா?

தாராபுரம் அக்கா:
வரும் கண்ணு. ஈரம் தெளித்த கம்பை ஒரு கை போட்டு, விட்டு விட்டு ஓட்டு. ஒரேயடியாக ஓட்டினால் சூடேறி மாவாகிவிடும். பிறகு புடைக்கத்தான் வேண்டும், அதற்கு மெஷின் இல்லை. கடையில் உமி நீக்கிய கம்பு கிடைக்கிறது. அதை வாங்கினால் பாதி வேலை மிச்சம். ஆனால் கம்பில் கொழுப்பு கொஞ்சம் அதிகம், அதனால் உடைத்த கம்பும் மாவும் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துக் கசந்துவிடும். தேதி பார்த்துக் கொஞ்சமாக வாங்கு.

நொய்யல் கரை:
கொள்ளுப்பருப்பு யாரும் சொல்லவில்லையா? எங்கள் வீட்டில் கொள்ளை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து வடிப்போம். மல்லி, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் வதக்கிக் கொள்ளோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் கொரகொரப்பாக ஆட்ட வேண்டும். மையாகப் போனால் ருசி கெட்டது. வடித்த தண்ணீர்தான் கொள்ளு ரசம். மாட்டுக்கும் கொள்ளு, மனுசனுக்கும் கொள்ளு. ஐப்பசி மழையின் கடைசி ஈரத்தில் விதைத்துவிட்டால் பனியிலேயே விளைந்துவிடும்.

பொள்ளாச்சி மருமகள்:
நான் பிறந்தது கும்பகோணம் பக்கம், வாழ்க்கைப்பட்டது பொள்ளாச்சி. வெளியில் இருந்து வந்தவள் பார்வையில் சொல்கிறேன்.

வந்த புதிதில் என்னை ஆச்சரியப்படுத்தியது அரிசிம்பருப்பு. சாம்பார் தனி, சோறு தனி என்று வளர்ந்தவள் நான். இங்கே ஒரு டம்ளர் புழுங்கல் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, தாளிப்பில் கடுகு, சீரகம், வரமிளகாய், தட்டிய பூண்டு, கை நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள். அவ்வளவுதான், ஒரே பாத்திரத்தில் எல்லாம் முடிந்தது. தோட்டத்து வேலை முடிந்து இருட்டில் வீடு வருகிற பெண்ணுக்கு இதைவிடத் தோதான சமையல் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. மேலே நெய், பக்கத்தில் கட்டித்தயிர்.

நோன்பிச் சாப்பாட்டில் சந்தகையை முதலில் எழுதுங்கள். புழுங்கல் அரிசியை ஊறவைத்து மையாக ஆட்டி, உப்புப் போட்டு, புளிக்க விடாமல் இட்லியாக ஊற்றி, வெந்த சூட்டோடு அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் பிழியவே முடியாது. எங்கள் மாமியார் வீட்டில் மூன்று கால் வைத்த இரும்பு அச்சு இருக்கிறது. ஒருவர் இட்லி எடுத்துப் போட, ஒருவர் திருக, ஒருவர் கீழே தட்டைப் பிடிக்க என்று வீடே கூடிவிடும். முதல் சுற்றுக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும். அப்புறம் எள்ளுப்பொடி. கடைசியில் மிஞ்சியதற்கு எலுமிச்சைத் தாளிப்பு, அல்லது கறிக்குழம்பு.

தீபாவளிக்குக் கச்சாயம் (அதிரசம் போன்ற பலகாரம்), விசேஷத்துக்கு ஒப்புட்டு (போளி). வயசுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி.

சென்னிமலை அடிவாரம்:
அரிசிம்பருப்பில் தக்காளி போடாமல் சொன்னதற்கு நன்றி அக்கா. இப்போது எல்லோரும் தக்காளி, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டுப் பிரியாணி ஆக்கிவிடுகிறார்கள்.

கோபி வாய்க்கால்மேடு:
எங்கள் வீட்டில் தக்காளி போடுவார்கள், ஒன்றே ஒன்று. அம்மாவின் அம்மாவும் போட்டார். அதை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன்.

பொள்ளாச்சி மருமகள்:
போடுங்கள், தப்பே இல்லை. பட்டை கிராம்பு மட்டும் வேண்டாம், சீரகமும் பூண்டும் கொடுக்கிற வாசத்தை அவை அமுக்கிவிடும்.

களத்துமேடு:
இழை முழுவதும் படித்தேன். எல்லாம் அருமை. ஆனால் இதுவரை பேசியது காடு வைத்திருந்தவர்கள் வீட்டுச் சமையல். அந்தக் காட்டில் கூலிக்கு வேலை செய்தவர்கள் வீட்டுச் சமையல் இந்த நோட்டில் இடம் பெறுமா?

என் அமுச்சி (அம்மாவின் அம்மா) பண்ணையத்தில் வேலை செய்தவர். கூலி தானியமாகத்தான் வரும். சோளமோ கம்போ படியால் அளந்து போடுவார்கள். பகல் முழுக்க அடுத்தவர் காட்டில் குனிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதை இடித்து, புடைத்து, அதன் பிறகு அடுப்பு மூட்ட வேண்டும். பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிடும். எழுப்பி ஊட்டுவார்களாம். நெல்லுச்சோறு நோன்பிக்கு நோன்பி, அதுவும் பண்ணையத்து வீட்டில் கொடுத்தால்தான். 2008இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வந்ததும், 2011இல் இருந்து விலையில்லாமலே வந்ததும் எங்கள் தெருவில் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. என் அம்மா இன்றைக்கும் கம்மங்கூழைத் தொட மாட்டார். "இடிச்சது போதும்" என்பார். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது எல்லோரும் கம்பின் பெருமை பேசினார்கள். அந்தக் கம்பை இடித்த கைகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் ஆக்கியதையும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். முதல் மழைக்குப் பிறகு வரும் ஈசலைப் பிடித்து, காயவைத்து, இறக்கையைப் புடைத்து எடுத்துவிட்டு, அரிசியோடு சேர்த்து வறுப்பார்கள். வாய்க்காலில் நண்டு பிடித்து மிளகு தட்டிப்போட்டுச் சாறு. அறுப்பு முடிந்த காட்டில் எலி வேட்டை. சளி பிடித்தால் நண்டுச் சாறுக்கு மேல் மருந்து கிடையாது என்பார் அமுச்சி.

கரட்டுக்காடு:
தம்பி, கட்டாயம் இடம் பெறும். எங்கள் காட்டில் விளைந்ததை எங்கள் வீட்டார் மட்டும் விளைய வைக்கவில்லை. ஈசல் வறுக்கிற பக்குவத்தைக் கொஞ்சம் விவரமாக அம்மாவிடம் கேட்டு எழுத முடியுமா? எந்த அளவுக்கு அரிசி, எண்ணெய் உண்டா இல்லையா என்று.

களத்துமேடு:
கேட்டேன். எண்ணெய் கிடையாது. மண்சட்டி சூடானதும் ஈசலைப் போட்டுப் புரட்டினால் அதிலேயே நெய் மாதிரி கசியும். அரிசியைத் தனியாகப் பொரி பக்குவத்துக்கு வறுத்து, ஈசலுக்குச் சரிபாதி சேர்த்து, உப்புத் தண்ணீர் தெளித்து இறக்க வேண்டும். கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும், அதிகமானால் வயிறு கேட்காது. சிலருக்கு உடம்பு தடிக்கும், முதல் தடவை சாப்பிடுபவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா இவ்வளவு சந்தோஷமாக ஒரு சமையலைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

மண்வாசம்:
நான் வேளாண்மை படித்தவன், இப்போது பெருந்துறைப் பக்கம் அப்பாவோடு பண்ணையம் பார்க்கிறேன். சோளச்சோறு எப்படிப் போனது என்று தலைப்பில் கேட்டீர்கள். சோளம் எங்கள் காட்டை விட்டுப் போகவே இல்லை. சித்திரை மழைக்கும் ஆடி மழைக்கும் இன்றைக்கும் சோளம் விதைக்கிறோம். நெருக்கி விதைத்து, பூ வரும் சமயத்தில் அறுத்து, காயவைத்துப் போர் போட்டுவிடுகிறோம். அத்தனையும் மாட்டுக்கு. கதிர் முற்ற விடுவதே இல்லை.

முன்பு ஒரே பயிரில் இரண்டும் நடந்தது. தட்டு (சோளத்தின் தாள்) மாட்டுக்கு, தானியம் வீட்டுக்கு. கலந்து விதைத்த தட்டப்பயறும் அவரையும் குழம்புக்கு. கீழ்பவானி வாய்க்கால் வந்த பிறகு கணக்கு மாறியது. அதற்குத் தண்ணீர் விடும் பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது, பாசனப் பரப்பு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நெல்லுக்குத் தண்ணீர், மறு பாதிக்கு அடுத்த பருவத்தில் கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்குத் தண்ணீர், அடுத்த வருஷம் மாற்றி. அதனால் கோபிப் பக்கம் மட்டும் இருந்த நெல் பெருந்துறை, காங்கேயம் வரை நடந்து வந்தது. வீட்டில் நெல் இருக்கும்போது யார் சோளம் குத்துவார்கள்? இன்னொரு பக்கம் பால் விற்று வாரம் வாரம் பணம் வருகிறது. கதிர் முற்றும் வரை காத்திருந்தால் தட்டு நார் ஆகிவிடும், மாடு ஒதுக்கும். மேலே குருவித் தொல்லை வேறு. தானியத்தைவிடத் தட்டுக்கு மதிப்பு கூடிவிட்டது, அதுதான் விஷயம்.

பசுமைப் புரட்சி, நாகரிகம் என்று பெரிய காரணங்களைச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. வாய்க்கால் தண்ணீர், ரேஷன் அரிசி, பால் பணம், இடிக்க ஆள் இல்லாதது. களத்துமேடு சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தாராபுரம் அக்கா:
தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் காட்டில் இந்த வருஷமும் சோளம்தான். வீட்டில் சோளச்சோறு ஆக்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

கீரையும் அப்படித்தான் போனது. மழை பெய்து கம்பு முளைக்கும்போது ஊடே பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை எல்லாம் தானாக வரும். களை எடுக்கிறவர்கள் மடியில் கட்டிக்கொண்டு வருவோம். பண்ணைக்கீரையைப் பூ வைக்கும் முன்னே பறித்துவிட வேண்டும், பூத்துவிட்டால் தண்டு முற்றிவிடும். நாலு கீரையும் கலந்து, மண்சட்டியில் பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், ஒரு சுளை புளி போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்துக்கொண்டு மத்தால் கடைந்து, மறுபடி அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சுடச்சுட ராகிக்களிக்கு அதுதான் சரியான ஜோடி. இப்போது களைக்கொல்லி அடித்த காட்டில் கீரை பறிக்கவே பயமாக இருக்கிறது. மருந்து அடிக்காத காடு யாருடையது என்று தெரிந்துதான் பறிக்க வேண்டும்.

நொய்யல் கரை:
பச்சைப்புளி ரசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுப்பே வேண்டாம். புளி கரைத்து, சீரகமும் மிளகாயும் சின்ன வெங்காயமும் கையால் நுணுக்கிப் போட்டு, கொத்துமல்லி கிள்ளி, உப்புப் போட்டால் ஆயிற்று. சித்திரை வெயிலில் சோற்றுக்கு அதுதான்.

அரசமரத்து மேடை:
இனிப்பு எல்லாம் வெல்லமா, சர்க்கரையா?

கோபி வாய்க்கால்மேடு:
எங்கள் பக்கம் நாட்டுச்சர்க்கரை. கவுந்தப்பாடிதான் அதற்குப் பெரிய சந்தை. பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் சர்க்கரை போகிறது. கரும்புப்பால் காய்ச்சி, பாகு இறுகும்போது மரத்தட்டில் ஊற்றித் தேய்த்துப் பொடியாக்குவார்கள். பளபளவென்று வெளிர் மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள், ரசாயனம் போட்டு வெளுக்க வைத்தது. கொஞ்சம் கறுத்து, கையில் பிசுபிசுப்பாக இருப்பதுதான் நல்லது. கச்சாயத்துக்கு மட்டும் எங்கள் அம்மா அச்சு வெல்லம்தான் கேட்பார், பாகுப் பதம் பிடிக்கச் சுலபம் என்று.

கரட்டுக்காடு:
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நோட்டை மாற்றி எழுதப் போகிறேன். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கீழே அது எந்த நிலத்தில் விளைந்தது, யார் வீட்டில் ஆக்கியது, யார் இடித்தது என்று மூன்று வரி சேர்க்கிறேன். அது இல்லாமல் பக்குவம் மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாக ஆகும்.

மண்வாசம் தம்பி, ஒரு கேள்வி. இந்த ஆடியில் ஒரு ஓரமாகச் சோளத்தைக் கதிர் முற்ற விட்டு அறுக்கலாம் என்று இருக்கிறேன். தீவனத்துக்கு வாங்கி விதைக்கிற சோளமே போதுமா?

மண்வாசம்:
வேண்டாங்க. கோ 29 போன்ற தீவனச் சோளம் திரும்பத் திரும்ப அறுப்பதற்காக வந்த ரகம், மணி சின்னதாக இருக்கும், சோற்றுக்கு ஆகாது. தானியத்துக்கும் தட்டுக்கும் சேர்த்து கோ 30, கே 12 மாதிரி ரகங்கள் இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகத்தின் விதை மையத்திலோ உங்கள் ஒன்றியத்து வேளாண் அலுவலகத்திலோ கேட்டுப் பாருங்கள். பழைய வெள்ளைச்சோளம் யாராவது பெரியவர்களிடம் இருந்தால் அது இன்னும் நல்லது.

மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். விதைக்கடையில் வாங்கிய சோளத்தில் மிச்சம் இருந்தால் அதை ஆக்கிவிடாதீர்கள், பூச்சி மருந்து கலந்திருப்பார்கள். தானியத்துக்கு விடுகிற ஓரத்தை நெருக்கி விதைக்காமல் முக்கால் சாண், ஒரு சாண் இடைவெளி விட்டால்தான் கதிர் பெருக்கும். பயிர் பூ வரும் வரை மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள். இளஞ்சோளத்தில் நஞ்சு உண்டு, மழை தவறி வாடியிருக்கும்போது இன்னும் அதிகம். வயிறு உப்பி நிமிஷத்தில் மாடு விழுந்துவிடும். பூ வந்த பிறகு பயம் குறைவு.

களத்துமேடு:
அறுத்ததும் சொல்லுங்கள் அண்ணா. மங்கலத்தில் எங்கள் சித்தப்பா மாவு மில் வைத்திருக்கிறார், சோளத்தை உமி நீக்கிக் குருணையாக உடைக்கிற சல்லடையும் இருக்கிறது. உலக்கை வேண்டியதில்லை. ஒரு மூட்டை கொண்டு வந்தால் ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு போகலாம்.

தாராபுரம் அக்கா:
அப்படியானால் எனக்கும் ரெண்டு வள்ளம் சோளம் அளந்து எடுத்து வையுங்கள்.